ஒரு 'க்' போனால் என்ன போச்சு?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. என் மனைவி திருமங்கலத்துக்குப் போயிருந்தாள். காலை பத்து மணிக்குக் குடும்பக் குழுவில் ஒரு வாட்ஸப் செய்தி. மகளுக்கு அனுப்பியது. "கீரை கடை. வர அரை மணி ஆகும்."

மகள் குளித்துக்கொண்டிருந்தாள். செய்தியைப் பார்த்தது நான்தான். அட, கீரைக்கடைக்குப் போகச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். இரண்டு கட்டு அரைக்கீரை வாங்கிக்கொண்டு வந்து பெருமையாக மேடையில் வைத்தேன். மனைவி வந்து பார்த்தாள். அடுப்பின் பக்கத்தில் வேகவைத்த கீரை சட்டியில் ஆறிக் கிடக்கிறது. மத்து அதன் பக்கத்திலேயே சும்மா சாய்ந்திருக்கிறது.

"கடைன்னு எழுதினேன். கடைக்குப் போன்னா எழுதினேன்?"

அவள் எழுதியது சரி. கீரையைக் கடைந்து வை என்பதுதான் 'கீரை கடை'. கீரை விற்கும் இடமென்றால் 'கீரைக்கடை', நடுவில் ஒரு 'க்' வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஒரு பிழையில்லாமல் எழுதியிருக்கிறாள். முப்பத்து மூன்று வருஷம் அரசாங்கத்தில் குறிப்பும் வரைவும் எழுதிய நான் தப்பாகப் படித்தேன்.

ஏன் தப்பாகப் படித்தேன்? இந்த ஊரில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் 'டீ கடை', 'பழ கடை', 'மருந்து கடை', 'நகை கடை'. 'க்' இல்லாத கடையையே பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. ஒற்றை விட்டுவிட்டு எழுதுகிறவர்களால் வரும் பெரிய கெடுதல் இதுதான். அவர்கள் எழுதுவது குழம்புவதோடு நிற்கவில்லை, சரியாக எழுதுகிறவர்களுடைய எழுத்தும் சேர்ந்து குழம்புகிறது.

இதைச் சொன்னதும் மாப்பிள்ளை சிரித்தார். கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். "இதெல்லாம் இப்ப யார் மாமா பாக்கிறாங்க? புரிஞ்சாப் போதாதா? ஒரு 'க்' போனா என்ன போச்சு?"

என்ன போச்சு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

மாப்பிள்ளை, நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம். 1970-இல் ஆரம்பித்த சிறுதொழில் வளர்ச்சிக் கழகத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான் சிட்கோ. அந்தத் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை எப்படி எழுதுவீர்கள்? 'சிறு தொழிலதிபர்' என்றால் ஆள் சிறியவர், பன்னிரண்டு வயதுப் பையன் லேத்து ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. 'சிறுதொழில் அதிபர்' என்றால்தான் தொழில் சிறியது என்று ஆகும். எழுத்தெல்லாம் அதேதான். இடைவெளி ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தது, அவ்வளவுதான்.

இதே சிக்கல் ஆங்கிலத்திலும் இருக்கிறது. 'ஸ்மால் பிசினஸ் ஓனர்' என்று மூன்று சொல்லைத் தனித்தனியாக எழுதினால் சின்னது முதலாளியா, வியாபாரமா என்று தெரியாது. அதற்காக அவர்கள் முதல் இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு இழுக்கிறார்கள். இரண்டு சொல் சேர்ந்து பின்னால் வரும் பெயருக்கு அடைமொழியாக நின்றால் கோடு. அதுவே பெயருக்குப் பின்னால் தள்ளி வந்தால் பெரும்பாலும் கோடு வேண்டாம். விதி இவ்வளவுதான். அலுவலகத்தில் எங்கள் தலைமையில் இருந்தவர் ஒருவர் இதற்கு ஒரே ஒரு உதாரணம் வைத்திருந்தார். 'ரீ-சைன்' என்று கோட்டோடு எழுதினால் மறுபடி கையெழுத்துப் போடு என்று அர்த்தம். கோட்டை எடுத்துவிட்டால் 'ரிஸைன்', ராஜினாமா செய். "கோப்பில் கோட்டை மறந்தீர்கள் என்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்" என்பார்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில், புதுச்சேரியில். அங்கே அந்தக் கோட்டுக்கு 'த்ரே துனியோன்' என்று பெயர். சேர்க்கும் கோடு என்று அர்த்தம். சொல்வதெழுதுதலில் எங்களை அழவைத்தது அந்தக் கோடுதான். வானவில்லுக்கு மூன்று சொல், நடுவில் இரண்டு கோடு. உருளைக்கிழங்குக்கும் மூன்று சொல்தான், மண்ணின் ஆப்பிள் என்பார்கள், அதற்குக் கோடே கிடையாது. இருபத்திரண்டுக்குக் கோடு உண்டு, இருபத்தொன்றுக்கு இல்லை. ஏன் என்று கேட்டால் அப்படித்தான் என்பார் வாத்தியார். கடைசியில் 1990 டிசம்பர் 6-ஆம் தேதி பிரெஞ்சு அரசிதழில் எழுத்துத் திருத்தம் ஒன்று வந்தது. எண்ணுப் பெயர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி கோடு போடலாம் என்றார்கள். நான் அடி வாங்கி முடித்து முப்பது வருஷம் ஆன பிறகு!

தமிழில் அந்தக் கோடு இல்லை. வேண்டியதும் இல்லை. அதைவிட நல்ல சாமான் நம்மிடம் இருக்கிறது. அதுதான் ஒற்று. இரண்டு சொல்லைச் சேர்த்து முடிச்சுப் போடுகிற வேலையை நம் க், ச், த், ப் செய்கின்றன. வெள்ளைக்காரன் கோட்டைக் கண்ணால் மட்டும்தான் பார்க்க முடியும். நம் ஒற்றைக் காதாலும் கேட்கலாம்.

கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மதுரைப் பக்கம் எவராவது 'டீகடை' என்று மெலிந்த 'க'வில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? படித்தவர், படிக்காதவர், சின்னப் பிள்ளை எல்லாரும் 'டீக்கடை' என்று அழுத்தித்தான் சொல்கிறார்கள். அதே வாய் ஊறுகாயை 'ஊறுக்காய்' என்று சொல்லாது. சுடுகாட்டைச் 'சுடுக்காடு' என்று சொல்லாது. இலக்கணம் தெரிந்தா சொல்கிறார்கள்? ஊறின காய், ஊறுகிற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருப்பது வினைத்தொகை, அதில் வல்லினம் மிகாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். அது தெரியாத பாட்டிக்கும் நாக்கு சரியாகத்தான் புரள்கிறது. நம் வாய்க்கு இலக்கணம் தெரியும். கைதான் சோம்பேறி.

ஆகவே ஒற்று என்பது பண்டிதர்கள் மேலே தூவிய கொத்தமல்லித்தழை இல்லை. பேசும்போது இருப்பதை எழுதும்போது திருடிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

பொருள் மாறுவதற்கு இன்னும் நாலு உதாரணம் தருகிறேன். 'கைக்குட்டை' என்றால் மூக்குத் துடைக்கிற துணி. 'கை குட்டை' என்றால் அவருக்குக் கை நீளம் போதாது. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. 'பொய்ச்சொல்' என்பது ஒரு சொல்லைப் பற்றிய விவரம். 'பொய் சொல்' என்பது ஒரு பிள்ளைக்குச் சொல்லக்கூடாத கட்டளை.

நாலாவது உதாரணம் நம் வைகைக் கரையிலேயே இருக்கிறது. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்து பொறித்த மூன்று நடுகற்கள் கிடைத்தன. இறந்துபோன வீரனுக்காக நட்ட கல், நடுகின்ற கல், ஆகையால் நடுகல். ஊறுகாய் மாதிரியேதான், ஒற்று வராது. இதை 'நடுக்கல்' என்று அச்சடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடுக்கல் என்றால் நடுவில் கிடக்கிற கல். ஊருக்காகச் செத்தவனை வழியில் கிடக்கும் கல்லாக்கிவிடுகிறது ஒரு 'க்'. போடாமல் விட்டால் மட்டும்தான் கெடுதல் என்று நினைக்காதீர்கள். கண்டபடி போட்டாலும் கெடுதல்தான்.

வினைச்சொல்லுக்கு வருவோம். "அவர் மகள் ஓடிப் போனாள்" என்று இடம்விட்டு எழுதினால், பேருந்து வந்துவிட்டது என்று ஓட்டமாய்ப் போனாள் என்று கொள்ளலாம். "ஓடிப்போனாள்" என்று சேர்த்து எழுதினால் ஊர் கூடிப் பேசும். 'பார்த்துக்கொள்' என்றால் கவனித்துக்கொள். அதைப் 'பார்த்துக் கொள்' என்று உடைத்தால் ஏதோ பொருளைப் பார்த்து வாங்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது. துணைவினை முன்சொல்லோடு ஒட்டி நிற்க வேண்டும். தனியாக நின்றால் அது தன் சொந்த அர்த்தத்துக்குத் திரும்பிவிடும்.

இதற்கு மாப்பிள்ளை வகையறா சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "பக்கத்தில் இருக்கிற சொல்லை வைத்துப் புரிந்துகொள்ளலாமே." நாவலில் புரிந்துகொள்ளலாம், கடிதத்தில் புரிந்துகொள்ளலாம். பக்கத்தில் சொல்லே இல்லாத இடங்கள் இருக்கின்றனவே! கடைப் பலகை, செய்தித் தலைப்பு, மனு, பத்திரம், மூன்று சொல் வாட்ஸப். சுருக்கமாக எழுத வேண்டிய இடத்தில்தான் ஒற்று ரொம்பத் தேவை. அங்கேதான் அதை முதலில் வெட்டுகிறோம்.

இன்னொன்றும் சொல்வார்கள்: "ஆங்கிலக்காரனே கோட்டை எடுத்துக்கொண்டு வருகிறான்." உண்மைதான். 2007-இல் வந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பில் சுமார் 16,000 சொற்களிலிருந்து கோட்டை எடுத்தார்கள். ஆனால் எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள். ஐஸ்கிரீமை இரண்டு சொல்லாகப் பிரித்தார்கள். வேறு சிலவற்றை ஒரே சொல்லாக ஒட்டினார்கள். ஒவ்வொன்றையும் எடுத்து இது தனியா, சேர்ந்ததா என்று முடிவு செய்தார்கள். நாம் அப்படி உட்கார்ந்து எதையும் முடிவு செய்யவில்லை. கைபேசியில் இன்னொரு விசை தட்டச் சோம்பல், அதற்கு முற்போக்கு என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

எதிர்க்கட்சியையும் விடமாட்டேன். எனக்கு ஒரு தமிழாசிரிய நண்பர் இருக்கிறார், பணி ஓய்வு பெற்றவர். அவர் எதையும் பிரிக்கமாட்டார். 'வந்துகொண்டிருந்ததாகத்தெரிகிறது' என்று ஒரே மூச்சில் எழுதுவார். கேட்டால், ஓலைச்சுவடியில் இடைவெளி ஏது என்பார். வாஸ்தவம், சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் கிடையாது. அதனால்தான் உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவர அப்படிப் பாடுபட வேண்டியிருந்தது. எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே படிப்பின் பாதி. அந்தப் பாதி வேலையைப் பெரியவர்கள் நமக்காகச் செய்து கொடுத்துவிட்டார்கள். அதை மறுபடி வாசகன் தலையில் கட்டுவது தமிழ்ப்பற்று ஆகாது.

சரி, அப்படியானால் எங்கே கறாராக இருப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது? இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது வருஷமாக நெஞ்சில் கிடப்பது.

எண்பதுகளில் நான் குடும்ப ஓய்வூதியக் கோப்புகள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விதவை அம்மா மனுக் கொடுத்தார். உண்மைப் பெயரைச் சொல்லமாட்டேன், 'முத்துலட்சுமி' என்று வைத்துக்கொள்வோம். கணவரின் பணிப்பதிவேட்டில் அந்தப் பெயர் ஒரே சொல்லாக இருந்தது. குடும்ப அட்டையில் 'முத்து', இடைவெளி, 'லட்சுமி'. எனக்குப் பிரெஞ்சுப் பள்ளிப் பாடம் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே மரி-தெரேஸ் என்று ஒரு பெண்ணின் பெயரை எழுதினால் நடுவில் உள்ள கோடும் பெயரில் சேர்த்திதான், விடக்கூடாது. "பெயரில் வேறுபாடு உள்ளது, உரிய விளக்கம் பெறலாம்" என்று அழகான கையெழுத்தில் குறிப்பு எழுதிக் கோப்பைத் திருப்பினேன். அந்த அம்மா சான்றிதழுக்காக அலைந்தார். மூன்று தரம் பஸ் ஏறி வந்தார். பணம் வர நாலு மாசம் தள்ளிப்போயிற்று. மூன்றாவது தரம் வந்தபோது என் மேஜை முன்னால் நின்றுகொண்டு சொன்னார்:

"ஐயா, சேத்து எழுதனாலும் பிரிச்சு எழுதனாலும் நான் ஒருத்திதானேங்க."

அதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை. எனக்கும் பதில் வரவில்லை.

இதைச் சொன்னால், "பார்த்தீர்களா மாமா, நீங்களே ஒத்துக்கொண்டீர்கள், எப்படி எழுதினாலும் ஒன்றுதான்" என்பார் மாப்பிள்ளை. இல்லை. அந்த அம்மாவின் பெயரில் இடைவெளி வந்தாலும் பொருள் மாறவில்லை, ஆள் மாறவில்லை. கீரை கடையில் 'க்' வந்தால் வேலையே மாறுகிறது. நான் செய்த தப்பு கறாராக இருந்ததில் இல்லை, எதில் கறாராக இருப்பது என்று தெரியாமல் இருந்ததில்தான். பொருள் மாறினால் ஒரு புள்ளியைக்கூட விடாதே, மாறாவிட்டால் மனுஷனை அலைக்கழிக்காதே. எழுபது வயசு தாண்டி நான் கற்றுக்கொண்ட இலக்கணம் இவ்வளவுதான்.

இந்த விதிப்படி பார்த்தால் பாதிச் சண்டை தானாகத் தீரும். 'அரசுப் பள்ளி' என்று நான் எழுதுவேன், நீங்கள் 'அரசு பள்ளி' என்றால் சண்டைக்கு வரமாட்டேன், யாருக்கும் வழி தப்பாது. எங்கள் ஊர்ச் சுங்கச்சாவடியைச் 'சுங்கச் சாவடி' என்று பிரித்தாலும் வண்டி அதே இடத்தில்தான் நிற்கப்போகிறது. 'பஸ் கட்டணம்' மாதிரி வந்தேறிச் சொற்களில் ஒற்றைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் 'பழைய புத்தகக்கடை' என்றால் கடை பழையது, 'பழையபுத்தகக் கடை' என்றால் புத்தகம் பழையது. அங்கே இடைவெளியை யோசித்து விடுங்கள். 'ஓய்வுபெற்ற ஆசிரியர் மகன்' என்று மனுவில் எழுதாதீர்கள். ஓய்வு பெற்றது அப்பாவா பிள்ளையா என்று கேட்பார்கள். 'ஓய்வுபெற்ற ஆசிரியரின் மகன்' என்று உருபைப் போட்டு எழுதுங்கள். ஒற்றும் இடைவெளியும் காப்பாற்றாத இடத்தில் வேற்றுமை உருபு ஓரளவு காப்பாற்றும்.

சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சரித்திரம். 1990-இல் செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் பெயரில் நடுவே கோடு போடுவதா வேண்டாமா என்று நாடாளுமன்றத்திலேயே சண்டை நடந்தது. செக் மொழியில் கோடு இல்லாமல், ஸ்லோவாக் மொழியில் கோட்டோடு என்று ஒரு சமாதானம் செய்தார்கள். அதுவும் நிற்கவில்லை, பெயரையே மாற்றினார்கள். 1993 ஜனவரி 1 அன்று நாடே இரண்டாகிவிட்டது. கோட்டினால் பிரிந்தது என்று சொல்லமாட்டேன். மனசில் இருந்த பிளவு கோட்டில் தெரிந்தது, அவ்வளவுதான். நம் மாநிலப் பெயரையும் பாருங்கள். 1967 ஜூலை 18-இல் சட்டமன்றத் தீர்மானம், 1969 ஜனவரி 14-இல் நடைமுறை. ஆங்கிலத்தில் அதை இரண்டு சொல்லாக எழுதுகிறோம். தமிழில் ஒரே சொல், தமிழ்நாடு. அதை 'தமிழ் நாடு' என்று யாராவது பிரித்து எழுதினால், பொருள் அப்படியே இருந்தாலும், எனக்குக் கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது. என் விதிக்கு நானே வைத்துக்கொண்ட ஒரே விலக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வருஷா வருஷம் ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும் சமயத்தில் அக்கம்பக்கத்தில் உள்ளவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு இடைவெளி என்று யாராவது வந்து நின்றால் அந்த அம்மாதான் நிற்கிற மாதிரி இருக்கும். என்னைப்போல் குறிப்பு எழுதிய குமாஸ்தாவுக்காவது எதிரில் நின்று ஒரு வார்த்தை சொல்ல முடிந்தது. கணினியிடம் யார் போய், நான் ஒருத்திதானே என்று சொல்வது? ஆகவே பெயரை முதல் தடவை எழுதும்போதே எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதிவிடுங்கள் என்று பிள்ளை பெற்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குக் கீரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சட்டியில் இருந்ததை நானே மத்தால் கடைந்து வைத்தேன். அதுதான் தண்டனை. வாங்கிவந்த இரண்டு கட்டு மறுநாள் பொரியலாயிற்று. மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தவர் கைபேசியை எடுத்து, "சாயங்காலம் வரும்போது என்ன வாங்கணும் மாமா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தட்டினது கண்ணில் பட்டது.

'மருந்துக்கடை'. 'க்' இருந்தது.